முப்பத்தேழாம் பக்கம்

ஏப்ரல் 15, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வந்து ஆறே முக்காலுக்கு நின்றுவிட்டது. டிரம் பாதிதான் நிறைந்தது. அந்தக் கடுப்போடே ஆபீஸ் போனேன்.

ஆதிரா மேடம் கூப்பிட்டார். முதலாளியின் மகள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆறு மாதமாகக் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறார். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர்.

"தமயந்தி, மெஷினோட ஒரு புக் கொடுக்கறோம்ல, அதை யாரு பத்திரமா வெச்சிருக்காங்க? ஒரே வாரத்துல கிழிஞ்சு போயிடுது. எல்லாத்தையும் நெட்ல போட்டுருவோம். மெஷின் மேல ஒரு கியூஆர் ஸ்டிக்கர். போன்ல ஸ்கேன் பண்ணா பக்கம் வரணும். அதுக்கு எந்த சாப்ட்வேர் நல்லதுன்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. ஜூன் ஒண்ணாம் தேதி லைவ்."

"நீங்களே" என்றார். ஹாஸ்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் நாங்கள் விற்கும் நீராவி அண்டாக்களுக்குப் பதினோரு வருடமாகக் கையேடு தயாரிக்கிறேன். எதையும் முடிவு செய்யச் சொல்லி இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

என் பிரிவில் இரண்டே பேர். நானும் இமானுவேல் சாரும். அவர் இருபது வருடம் சர்வீஸ் இன்ஜினீயராக ஊர் ஊராகப் போய் அண்டாக்களைப் பழுது பார்த்தவர். முதுகு வலி வந்தபிறகு கையேடு எழுத வந்தார். நான் எழுதும் வரிகளைப் பென்சிலால் திருத்துவார். திருத்தம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் தொல்லை.

ஏப்ரல் 24, புதன்

பன்னிரண்டு சாப்ட்வேர்களைப் பார்த்து மூன்றுக்கு வந்திருக்கிறேன். ஒன்று இலவசம், ஆனால் அதைப் பராமரிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும், நம்மிடம் இல்லை. மீதி இரண்டில் ஒன்று பெங்களூர்க் கம்பெனியுடையது, மற்றது புனேக் கம்பெனியுடையது. ஆபீசில் எல்லோரும் 'பெங்களூர்', 'புனே' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பெங்களூர் பார்க்க அழகு. ஒரு வார்த்தை தட்டினால் தேடி எடுத்துக் கொடுக்கிறது. புனே, பழைய பாங்க் பாஸ்புக் மாதிரி இருக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுக்காமல் அதில் எதையும் வெளியிட முடியாது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற விவரத்தை அழிக்கவும் முடியாது.

இமானுவேல் சாருக்குப் புனே பிடித்திருக்கிறது. கேட்காமலே தெரிந்தது.

மே 3, வெள்ளி

பெங்களூர்க்காரர்கள் வந்து செய்து காட்டினார்கள். ஆதிரா மேடம் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தமிழ்ப் பக்கம், ஆங்கிலப் பக்கம் இரண்டையும் ஒரு பொத்தானில் மாற்றிக் காட்டினார்கள். நானும் கை தட்டினேன்.

இமானுவேல் சார் கடைசியில் கேட்டார்: "ஹாஸ்டல் கிச்சன்ல சிக்னல் ஒரு கோடுதான் வரும். அப்போ பக்கம் முழுசா வருமா? பாதியோட நின்னுச்சுன்னா பாதிதான்னு படிக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆதிரா மேடம் சிரித்து, "சார் எப்பவும் வொர்ஸ்ட் கேஸ்தான் யோசிப்பாரு" என்றார். நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரிக்கவில்லை.

என் கணவர் சேகர் பொள்ளாச்சி வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்தார். ரசமும் அப்பளமும் போதும் என்றார். நிம்மதி.

மே 9, வியாழன்

சோதனைக்காகக் கையேடு முழுவதையும் இரண்டு சாப்ட்வேர்களிலும் ஏற்றிப் பார்த்தோம். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள். இமானுவேல் சார்தான் ஏற்றினார். ஏற்றும் அதிகாரம் ஒருவர் பெயருக்குத்தான் உண்டு, சோதனைக் கணக்கை அவர் பெயரில் திறந்திருந்தோம்.

மாலையில் ஒரு தாளை என் மேஜையில் வைத்தார். "மேடம், பெங்களூர்ல தமிழ்ப் பக்கங்கள் சிலதுல எச்சரிக்கை போடற மஞ்சள் கட்டம் வரலை. இங்கிலீஷ்ல சரியா இருக்கு. தமிழ்ல மட்டும் கட்டத்தோட பேரை அதுக்கு அடையாளம் தெரியலை, அப்படியே விட்டுட்டுப் போகுது. பக்க நம்பர் எழுதியிருக்கேன்."

அவருடைய பென்சில் எழுத்து. சின்னச் சின்னதாக, வரிசையாக.

பார்க்கிறேன் என்றேன்.

மே 10, வெள்ளி

ஒப்பீட்டு அறிக்கையை ஆதிரா மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆறு பக்கம், அட்டவணையுடன். பெங்களூரைப் பரிந்துரைத்திருக்கிறேன். 'பழைய பக்கங்களை ஏற்றுதல்' என்ற தலைப்பின் எதிரே 'நிறைவு. தமிழில் சிறு திருத்தங்கள் தேவை' என்று எழுதினேன். அறிக்கை என்றால் சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

ஸ்கூட்டர் சர்வீஸுக்கு விட்டேன். பிரேக் வயர் மாற்ற வேண்டுமாம்.

மே 14, செவ்வாய்

பெங்களூர் முடிவாகிவிட்டது. எனக்கும் புதுப் பதவி: 'மேலாளர், இணைய ஆவணங்கள்'. ஆதிரா மேடம் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். இமானுவேல் சார் எழுந்து வந்து கை கொடுத்தார். "நல்லா வரணும் மேடம். அந்தத் தமிழ்ப் பக்கங்களை மட்டும் நான் உட்கார்ந்து கையால சரி பண்ணிடறேன். அப்புறம் ஏத்தலாம்."

வாழ்த்தும்போதுகூடத் திருத்தம்.

மே 22, புதன்

இமானுவேல் சார் இன்று நாகர்கோவில் கிளம்பினார். சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் லீவு. போகும்போது ஒரு துண்டுத்தாளில் அவருடைய பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார். "ஏதாவது அவசரம்னா மட்டும் மேடம். லேப்டாப்பைக் கையோட எடுத்துட்டுப் போறேன், சந்தேகம்னா கூப்பிடுங்க. திங்கட்கிழமைக்குள்ள சாயந்தரம் சாயந்தரமா உட்கார்ந்து அந்தக் கட்டங்களை முடிச்சுருவேன்."

கல்யாண வீட்டில் அதற்கு நேரம் கிடைக்கப் போகிறதாக்கும்.

மே 25, சனி

வேலை முடிந்தது. இருநூற்றுப் பதினான்கு பக்கங்களும் ஏறிவிட்டன. ஆபீசில் நான் மட்டும்தான். மாலை நாலேகாலுக்கு ஆதிரா மேடத்துக்கு 'முடிந்தது' என்று செய்தி அனுப்பினேன். மூன்று கைதட்டல் படம் வந்தது.

வரும் வழியில் அரைக் கிலோ மல்லிகை மொட்டு வாங்கினேன். எதற்கு அவ்வளவு வாங்கினேன் என்று தெரியவில்லை.

மே 27, திங்கள்

இமானுவேல் சார் போனில் கூப்பிட்டார். கல்யாணம் நல்லபடி முடிந்ததாம். கட்டங்களைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் கேட்டார். ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றேன். "அப்போ அந்தப் பக்கங்கள்?" என்றார். "பார்த்துக்கிட்டேன் சார், நீங்க கல்யாண வேலையைப் பாருங்க" என்றேன்.

பார்த்துக்கொள்வேன் என்ற எண்ணத்தில்தான் அப்படிச் சொன்னேன்.

ஜூன் 1, சனி

லைவ். கேக் வெட்டினோம். இனி எந்த மெஷினுடனும் புத்தகம் போகாது, ஸ்டிக்கர் மட்டும்தான்.

ஜூன் 8, சனி

முதல் வாரத்தில் பக்கங்களைத் திறந்தவர்கள் 312 பேர். வரைபடம் மேலே ஏறுகிறது. இமானுவேல் சார் திங்கட்கிழமையே வந்துவிட்டார். தமிழ்ப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கட்டுமா என்று கேட்டார். முதலில் புது மாடல் அண்டாவுக்கு எழுதுங்கள், அது அவசரம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

மதியம் மூன்று மணிக்கு சர்வீஸ் பிரிவிலிருந்து ஓடி வந்தார்கள். அவிநாசிப் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டல். அங்கே புதிதாகப் போட்ட அண்டாவைத் திறக்கும்போது நீராவி அடித்து, சமையல் செய்கிற அம்மாவுக்கு முகமும் கைகளும் வெந்துவிட்டன. மயிலாத்தாள், ஐம்பத்து நாலு வயது. கோயம்புத்தூருக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். வலது கண் கஷ்டம் என்கிறார்கள்.

ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து, பக்கத்தைப் படித்துக் கேட்டுத்தான் திறந்தார்களாம்.

எந்தப் பக்கம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் முப்பத்தேழைத் திறந்தேன். 'அண்டாவின் மூடியைத் திறத்தல்'. ஒன்று, அடுப்பை அணைக்கவும். இரண்டு, நீராவிக் குழாயை மூடவும். மூன்று, மூடியின் திருகுகளைத் தளர்த்தவும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மஞ்சள் கட்டம் இல்லை.

கட்டத்தைச் சேர்த்தேன். மற்றப் பத்துப் பக்கங்களிலும் சேர்த்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டில் தோசை மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜூன் 21, வெள்ளி

காலையில் ஆதிரா மேடம் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பக்கத்துல அடியில 'கடைசியாகத் திருத்தியது ஜூன் 20'ன்னு வருது. நேத்து ஏதாவது மாத்துனீங்களா?"

"ஒரு மஞ்சள் கட்டம் விட்டுப்போயிருந்துச்சு மேடம். சேர்த்தேன்."

அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான்.

"விசாரணைக்கு ஆபீசர் வருவாரு. ஹாஸ்டல்காரங்க வக்கீல் வெப்பாங்க. அந்தத் தேதியை ஜூன் ஒண்ணுன்னு காட்ட முடியுமா?"

"முடியும் மேடம்."

யோசிக்காமல் சொன்னேன். பெங்களூரில் முடியும். மூன்று கிளிக். புனேயில் முடிந்திருக்காது.

பக்கத்தை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். அதில் கட்டம் இருந்தது, தேதி ஜூன் ஒன்று.

ஜூன் 24, திங்கள்

விசாரணை அதிகாரி வந்து போனார். மயிலாத்தாளின் வலது கண் போய்விட்டதாம்.

ஜூன் 27, வியாழன்

வெளியில் கம்பெனி சொல்வது: எச்சரிக்கை இருந்தது, படித்தவர்கள் கவனிக்கவில்லை. உள்ளே ஆதிரா மேடம் சொல்வது: இனி இப்படி நடக்கக் கூடாது, யார் செய்தது என்று தெரிய வேண்டும். பக்கங்களை ஏற்றிய பதிவை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மே 25, மாலை 3.52. ஏற்றியவர்: இமானுவேல்.

"அவர் அன்னைக்குக் கல்யாணத்துல இருந்தேன்னு சொல்றாரு. அங்கே இருந்தே பண்ணியிருக்க முடியுமா?"

"லேப்டாப்பைக் கையோட எடுத்துட்டுத்தான் போனார்" என்றேன்.

அது பொய்யில்லை.

ஜூன் 28, வெள்ளி

காஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 2, செவ்வாய்

இமானுவேல் சார் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். கொடுக்க வைத்தார்கள் என்பதே சரி. மேஜையிலிருந்து எடுத்துப்போக அவருக்கு அதிகம் ஒன்றுமில்லை. பென்சில் டப்பா, ஒரு டார்ச், சர்வீஸில் இருந்தபோது போட்ட தடித்த கையுறை. என்னிடம் வந்து நின்றார்.

"வர்றேன் மேடம்."

"எங்கே போகப் போறீங்க சார்?"

"பார்க்கலாம். அம்பத்திரெண்டு வயசுல யாரு கூப்பிடுவாங்க."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வாசல் வரை நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். அவர் பஸ் ஏறினார்.

ஜூலை 6, சனி

சேகர், "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா? சோத்தைப் பெசஞ்சுட்டே உக்காந்திருக்கே" என்றார். வேலை அதிகம் என்றேன். அதுவும் பொய்யில்லை. இப்போதெல்லாம் பொய்யில்லாத பதில்களாகத் தேடித் தேடிச் சொல்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

விபத்துக் கோப்பைப் பத்திரப்படுத்தச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். ஹாஸ்டல் தரப்பு வாக்குமூலங்களின் நகல் அதில் இருந்தது. படிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. படித்தேன்.

தெய்வானை, முப்பத்தாறு வயது, உதவிச் சமையல். அவள் கையெழுத்திலேயே இருந்தது. இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்:

'மயிலாத்தா அக்காவுக்குப் படிக்க வராது. என் போனில் ஸ்கேன் பண்ணி நான்தான் படித்துச் சொன்னேன். அவ்வளவுதானா என்று அக்கா ரெண்டு தடவை கேட்டது. அவ்வளவுதான் என்று சொன்னேன். அதில் எச்சரிக்கை இருந்தது என்று கம்பெனிப் பேப்பரைக் காட்டினார்கள். பேப்பரில் இருக்கிறது. நான்தான் அந்த வரியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. தப்பு என்னுடையது.'

கீழே ஹாஸ்டல் நிர்வாகியின் குறிப்பு: 'மேற்படி நபர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.'

அவளுக்குக் காட்டிய பேப்பர், நான் அச்செடுத்தது.

ஜூலை 13, சனி

இதுவரை இந்த டைரியில்கூட ஒழுங்காக எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

மே 9 அன்று இமானுவேல் சார் கொடுத்த தாளில் பதினோரு பக்க எண்கள் இருந்தன. முப்பத்தேழு நான்காவது. பக்கத்தில் 'இது முக்கியம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அறிக்கையில் அதைச் சொன்னால் ஆதிரா மேடம் புனேக்கு மாறிவிடுவாரோ என்று பயந்தேன். புனே வந்தால் நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இமானுவேல் சார் ஒப்புதல் கொடுக்க வேண்டியிருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பெங்களூரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அழகு, தேடும் வசதி எல்லாம் அட்டவணைக்காக எழுதியது.

மே 25 அன்று அவருடைய பாஸ்வேர்டில் நுழைந்து பக்கங்களை ஏற்றியது நான். அவசரம் ஒன்றுமில்லை, இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற வீம்பு. அவர் கொடுத்த தாள் அப்போதும் என் டிராயரில் இருந்தது. பதினோரு கட்டங்களைச் சேர்க்க இருபது நிமிடம் போதும் என்று ஜூன் 20 அன்று தெரிந்துகொண்டேன். மே 25 அன்று அந்த இருபது நிமிடத்தில் பூ மார்க்கெட்டில் நின்றிருந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த சட்டையை மூன்று தடவை மடித்து மூன்று தடவை பிரித்தார்.

"வேலை போயிருமே?"

"போகும்."

"கேஸ் வருமா?"

"வரலாம்."

"அந்த இமானுவேல் சார் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்காரு, தமயந்தி" என்றார்.

ஜூலை 15, திங்கள்

கடிதத்தைக் காலையில் விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். நான்கு பக்கம். விபத்து நடந்த அன்று முப்பத்தேழாம் பக்கத்தில் எச்சரிக்கை இல்லை. மறுநாள் தேதியை மாற்றியது நான். பக்கங்களை ஏற்றியதும் நான், இமானுவேல் அல்ல. பென்சில் தாளையும் இணைத்தேன். அவர் படித்துவிட்டு, "தேதியை மாத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அங்கிருந்து நேராக ஆபீஸ் போய் ஆதிரா மேடத்திடம் நகலைக் கொடுத்தேன்.

"முதல்ல என்கிட்ட வந்திருக்கலாம்ல?" என்றார். "நூத்தி நாப்பது பேர் வேலை பார்க்கறாங்க இங்கே. அவங்களை நெனச்சுப் பார்த்தீங்களா?"

"உங்ககிட்ட முதல்ல வந்திருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க மேடம். நான் சரின்னுட்டுப் போயிருப்பேன்."

செக்யூரிட்டி என் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 18, வியாழன்

பழைய முதலாளி, ஆதிராவின் அப்பா, மயிலாத்தாளின் வீட்டுக்கு நேரில் போனாராம். கம்பெனி பொறுப்பேற்கிறது என்று விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சர்வீஸ் பிரிவிலிருந்து ஒருவர் போனில் சொன்னார். எல்லா மெஷின்களுக்கும் மறுபடி புத்தகம் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களாம். என் பேரைச் சொன்னால் அங்கே எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

ஜூலை 21, ஞாயிறு

இமானுவேல் சாருக்கு ஐந்து நாளாகப் போன் போட்டேன். இன்றுதான் எடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை முழுதாகச் சொல்லி முடிக்க விடவில்லை.

"கம்பெனியில இருந்து கூப்பிட்டாங்க மேடம். திரும்பி வரச் சொன்னாங்க. வரலைன்னு சொல்லிட்டேன். இங்கே மகளோட மாமனாருக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு. அதுலதான் வேலைக்குப் போயிட்டு வர்றேன்."

"சார், அன்னைக்கு நீங்க ஏன் வாதாடலை? கல்யாணத்துல ஐந்நூறு பேர் உங்களைப் பார்த்திருப்பாங்களே?"

"போட்டோ எல்லாத்துலயும் நேரம் போட்டிருக்கு. 3.52க்கு நான் மணமேடைல நிக்கிறேன். அதை பிரிண்ட் போட்டு ஆதிரா மேடம் ரூம் வாசல் வரைக்கும் போனேன். காட்டுனா அடுத்த கேள்வி, அப்போ யாருன்னு வரும். நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சுத் திரும்பிட்டேன்." இருமினார். "அது என்னோட மடத்தனம். எனக்காகச் சொல்லலை. அந்த மஞ்சள் கட்டத்துக்காகவாவது நான் சத்தம் போட்டிருக்கணும். ஜூன் மூணாம் தேதியே நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கணும். உங்க மேல கோவத்துல புது மாடலையே எழுதிட்டு உக்காந்திருந்தேன்."

"சார்..."

"வெச்சிடறேன் மேடம். இனிமே கூப்பிடாதீங்க."

ஜூலை 29, திங்கள்

வேலைக்கு இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன். பழைய இடத்திலிருந்து ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். பிறகு அவர்கள் கூப்பிடுவதில்லை.

அவிநாசிக்குப் போக வேண்டும். கடிதம் கொடுத்தாயிற்றே, அதிகாரி அவர்களிடம் சொல்லியிருப்பாரே என்று இரண்டு வாரமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று போனேன்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து இருபது நிமிட நடை. ஓட்டு வீடு, முன்னால் ஒரு முருங்கை. மயிலாத்தாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கண் மேல் வெள்ளைத் துணி. கன்னத்திலும் கழுத்திலும் தோல் புதிதாக, பளபளவென்று, ரோஸ் நிறத்தில். கைகள் இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். ஒரு பெண் பின்னால் நின்று அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மருமகள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, யாருங்க வேணும்?" என்றாள் அந்தப் பெண்.

பெயரைச் சொன்னேன். அவர்களுக்குத் தெரியவில்லை. கம்பெனி என்றதும் சீப்பு நின்றது. "தெய்வானையை விசாரிக்க வந்தீங்களாங்க? நாந்தான். தினமும் இங்கதான் வந்துருவேன். அக்காவுக்குக் கையி ஆகற வரைக்கும் சோறு ஊட்டோணும், தலை வாரோணும்."

"வேண்டாம்னா கேக்க மாட்டேங்குறா" என்றார் மயிலாத்தாள். "எல்லாம் இவளாலதான்னு நான் சொல்லவே இல்லீங்க. இவளா வந்து பண்ணிட்டிருக்கறா."

"கம்பெனி பொறுப்பேத்துக்குச்சுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"பெரியவரு வந்தாரு. எல்லாத்தையும் பார்த்துக்கறோம்னு சொல்லிட்டுப் போனாருங்க."

என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அதிகாரியும் இன்னும் இவர்களுக்கு எழுதவில்லை. ஆகவே தெய்வானை இன்னும் அந்தப் பேப்பரையே நம்பிக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"தெய்வானை, நீங்க அன்னைக்குப் படிச்சது சரி. ஒரு வரியும் விடலை. அந்த எச்சரிக்கை அங்கே இல்லை. நான்தான் அந்தப் பக்கங்களை ஏத்துனேன். அது இல்லைன்னு தெரிஞ்சும் சரி பார்க்காம ஏத்துனேன். விபத்து நடந்த பிறகு சேர்த்து, தேதியை மாத்தி, பேப்பர் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். உங்களுக்குக் காட்டுனது அந்தப் பேப்பர்."

அவள் சீப்பைக் கட்டிலில் வைத்தாள். அதில் சிக்கியிருந்த முடியை எடுத்து விரலில் சுற்றினாள்.

"எப்பங்க சேர்த்தீங்க?"

"அன்னைக்கே. சாயந்தரம்."

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"நாப்பத்தஞ்சு நாளாச்சுங்க." குரலை உயர்த்தவில்லை. "என்ற வீட்டுக்காரரு என்கிட்டப் பேசறதில்லைங்க. ஒரு உசுரைக் கெடுத்துட்டியேன்னு. என்ற பொண்ணு இஸ்கூல்ல இருந்து வந்தா புஸ்தகத்தை நீட்டி, அம்மா இதைப் படி, சரியாப் படிக்கிறயான்னு பார்க்கறேன்கறா. நானும் படிச்சுக் காட்டுறனுங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சு, கண்ணுல ஏதாச்சும் கோளாறான்னு. திருப்பூர் போய்க் கண்ணு டெஸ்ட் எடுத்துட்டு வந்தனுங்க."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அதை அவள் கேட்டதாகவே தெரியவில்லை.

மயிலாத்தாள் அதுவரை என் பக்கமே முகத்தைத் திருப்பி இருந்தார். "ஏம்மா, உங்ககிட்டப் போன் இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குங்க."

"அந்த வரி இப்ப இருக்குதுன்னீங்களே. அதைக் கொஞ்சம் படிங்க. என்னன்னுதான் கேக்கலாம்."

போனை எடுத்தேன். பக்கம் திறக்க நேரமானது. சிக்னல் ஒரு கோடு. மூவரும் காத்திருந்தோம். வந்ததும் படித்தேன்.

"எச்சரிக்கை. அடுப்பை அணைத்த பின்பும் அண்டாவுக்குள் நீராவி இருக்கும். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை திருகுகளைத் தொடாதீர்கள்."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

"அவ்வளவுதானா?" என்று மறுபடி கேட்டார்.

"அவ்வளவுதாங்க."

மயிலாத்தாள் தலையை மெல்ல ஆட்டினார். தெய்வானை கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

"இருந்திருந்தா நான் படிச்சிருப்பனே, அக்கா."

"படிச்சிருப்ப சாமி" என்றார் மயிலாத்தாள். கையைத் தூக்கி அவள் தலையில் வைக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. புறங்கையால் தொட்டார். "எனக்குத் தெரியும். நீ படிச்சிருப்ப."

நான் அங்கே இருப்பது இருவருக்கும் மறந்துவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். போய்ட்டு வாங்க என்று யாரும் சொல்லவில்லை.